வரிக்குதிரை யாருக்குச் சொந்தம்? - 229 எழுத்துகள் தீர்த்து வைத்த வழக்கு!

குழந்தைகளின் படப் புத்தகத்தில் வரிக்குதிரையைக் காட்டி என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? ‘உடம்பெல்லாம் கோடு போட்ட குதிரை’ என்றுதானே! பெயரிலேயே குதிரை இருப்பதால், அது குதிரைக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், வரிக்குதிரைக்குக் குதிரையைவிடக் கழுதைதான் நெருங்கிய உறவு.

பெயரையும் தோற்றத்தையும் நம்பி உறவு சொன்னால் என்ன ஆகும்? அதற்குச் சாட்சியாக ஒரு விலங்கு இருந்தது. அதன் பெயர் குவாகா.

பாதி வரி... பாதி பழுப்பு!

தென்னாப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளில் மந்தை மந்தையாகத் திரிந்தவை குவாகாக்கள். தலையிலும் கழுத்திலும் வரிக்குதிரையைப் போலக் கோடுகள். உடலின் பின்பகுதிக்குப் போகப் போகக் கோடுகள் மங்கி, வெறும் பழுப்பு நிறம் மட்டும் இருக்கும். கால்கள் வெள்ளை. அது எழுப்பும் ஒலியை வைத்தே அந்த மண்ணின் கொய்கொய் மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பிறகு ஐரோப்பியர்கள் அங்கே குடியேறினார்கள். தங்கள் ஆடுகளுக்கான புல்லை மேய்கிறது என்று குவாகாவைச் சுட்டார்கள். தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் சுட்டார்கள். கூடவே ஒரு பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பகுதியில் எல்லா வரிக்குதிரைகளையும் ‘குவாகா’ என்றே அழைத்தார்கள். அதனால், உண்மையான குவாகா குறைந்துகொண்டே வந்தது யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை.

1883, ஆகஸ்ட் 12. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் உயிரியல் பூங்காவில் ஒரு பெண் குவாகா இறந்தது. உலகின் கடைசி குவாகா அதுதான் என்பது அன்று யாருக்கும் தெரியாது!

காய்ந்த தசையில் கிடைத்த விடை

குவாகா போன பிறகுதான் ‘அது யார்?’ என்ற கேள்வி பெரிதானது. தனி இனம் என்றார்கள் சிலர். வரிக்குதிரையில் ஒரு வகை என்றார்கள் வேறு சிலர். மண்டையோட்டை அளந்து பார்த்துவிட்டு, ‘இது குதிரைக்குத்தான் நெருக்கம்’ என்றவர்களும் உண்டு. அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருந்ததோ இருபத்துச் சொச்சம் தோல்கள்தான்.

கேப்டவுன் அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்யும் வேலையில் இருந்தவர் ரைன்ஹோல்ட் ரௌ. அங்கிருந்த குவாகா குட்டி ஒன்றைப் பிரித்து, மறுபடியும் பாடம் செய்தபோது, தோலின் உட்புறத்தில் காய்ந்த தசைத் துணுக்குகள் ஒட்டியிருந்ததைக் கவனித்தார். முதலில் பாடம் செய்தவர் சரியாகச் சுரண்டி எடுக்காமல் விட்டது, நூறு ஆண்டுகள் கழித்து அறிவியலுக்கு வரமானது.

ஜெர்மனியின் மைன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் குவாகா தோலிலிருந்து கிடைத்த அப்படியொரு துணுக்கு, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தை அடைந்தது. ரஸ்ஸல் ஹிகுச்சி, ஆலன் வில்சன் குழுவினர் அதிலிருந்து டி.என்.ஏ-வைப் பிரித்து, 229 எழுத்துகளைப் படித்தார்கள். 1984-ல் வெளியான அந்த ஆய்வுதான், அழிந்துபோன ஒரு விலங்கின் டி.என்.ஏ-வைப் படித்த உலகின் முதல் ஆய்வு!

அந்த எழுத்துகள், குவாகா வரிக்குதிரைகளின் பக்கம்தான் என்று காட்டின. அடுத்தடுத்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லின. இன்றும் ஆப்பிரிக்காவில் வாழும் சமவெளி வரிக்குதிரையின் ஒரு கிளையே குவாகா. இரண்டும் பிரிந்து மூன்று லட்சம் ஆண்டுகள்கூட ஆகவில்லை. பரிணாமக் கணக்கில் அது நேற்று நடந்த மாதிரி.

குடும்ப மரம் சொல்வது என்ன?

அதன் பிறகு இந்தக் குடும்பத்தின் மற்ற உறவுகளையும் டி.என்.ஏ மூலம் தேட ஆரம்பித்தார்கள். கனடாவின் யூகான் பகுதியில் உறைந்த மண்ணுக்குள் கிடந்த, சுமார் 7 லட்சம் ஆண்டு பழைய குதிரை எலும்பிலிருந்துகூட மரபணுத் தொகுப்பைப் படித்துவிட்டார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி, இன்றைய குதிரை, கழுதை, வரிக்குதிரை அனைத்துக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது 40 முதல் 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

அந்த மூதாதையிடமிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்றில் குதிரை. இன்னொன்றில் கழுதைகளும் வரிக்குதிரைகளும். அதாவது, கழுதையும் வரிக்குதிரையும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். குதிரை பெரியப்பா வீட்டுப் பிள்ளை.

குரோமோசோம்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இங்கேயும் ஏமாந்துவிடுவோம். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, சமவெளி வரிக்குதிரைக்கு 44. குதிரையும் கழுதையும்தான் நெருக்கம்போலத் தோன்றும். அவை இணைந்தால் கோவேறு கழுதையும் பிறக்கிறது. ஆனால் உறவைச் சொல்வது எண்ணிக்கை அல்ல, உள்ளே எழுதியிருக்கும் எழுத்துகள்.

குவாகா திரும்பி வருமா?

டி.என்.ஏ தந்த நம்பிக்கையில் ரௌ 1987-ல் ஒரு முயற்சியைத் தொடங்கினார். பின்பகுதியில் வரி குறைவாக உள்ள சமவெளி வரிக்குதிரைகளைத் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார்கள். இன்று குவாகா சாயலில் பழுப்பு நிறக் குட்டிகள் பிறக்கின்றன. ரௌ 2006-ல் இறந்துவிட்டாலும் முயற்சி தொடர்கிறது.

ஆனால், ‘வரி மறைந்துவிட்டால் அது குவாகா ஆகிவிடுமா?’ என்று கேட்கிறார்கள் விமர்சகர்கள். நியாயமான கேள்விதான். தோற்றத்தை மட்டும் வைத்து உறவு சொல்லக் கூடாது என்று நமக்குக் கற்றுக்கொடுத்ததே குவாகாதானே!

இந்தக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பவை குதிரை, ஆப்பிரிக்க, ஆசியக் காட்டுக்கழுதைகள், கியாங், மூன்று வகை வரிக்குதிரைகள். அவ்வளவுதான். அவற்றில் இரண்டு நம் நாட்டிலேயே காட்டு விலங்குகளாக வாழ்கின்றன. லடாக்கில் கியாங், குஜராத்தின் சிறிய ரண் உப்புப் பாலைவனத்தில் ஆசியக் காட்டுக்கழுதை. 1960-களில் நோயால் சில நூறாகச் சுருங்கிய குஜராத் காட்டுக்கழுதைகள், சரணாலயம் அமைத்துப் பாதுகாத்ததால் ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன.

குவாகா யார் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. இவர்கள் யார் என்பது இருக்கும்போதே நமக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த முறை படப் புத்தகத்தைத் திறக்கும்போது, வரிக்குதிரையின் பக்கத்தில் கழுதையையும் காட்டி, ‘இவங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்க’ என்று சொல்லிக் கொடுங்கள்!