இன்ஜின் போன ஸ்போர்ட்ஸ் காரை தேடி வாங்குவது ஏன்? மாஸ்டா ஆர்எக்ஸ்-8 சொல்லும் கணக்கு

"பாடி சூப்பர், இன்ஜின் மட்டும் காலி." பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செகண்ட் ஹேண்ட் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார்களுக்கு இப்படித்தான் விளம்பரம் வரும். இன்ஜின் ஓடாத காரை யார் வாங்குவாங்க என்று தோன்றலாம். ஆனால் இப்படிப்பட்ட காரையே குறி வைத்து தேடுபவர்கள் இருக்கிறார்கள். பழைய இன்ஜினை இறக்கிவிட்டு, வேறு கம்பெனி இன்ஜினை ஏற்றுவதுதான் அவர்களின் திட்டம். இது லாபமா, பணத்தை முழுங்கும் வேலையா?

நல்ல கார் ஏன் மலிவாக கிடைக்கிறது?

ஆர்எக்ஸ்-8 கார் 2003 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்டது. மற்ற கார்களைப் போல இதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டார் இரண்டு, அறைக்குள் சுழன்று சக்தி தரும். இதன் பெயர் ரோட்டரி இன்ஜின். கொள்ளளவு வெறும் 1.3 லிட்டர்தான். ஆனாலும் அதிக சக்தி கொண்ட மாடல் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும்; சுமார் 230 குதிரைத்திறன் தரும். 2003-ல் 'ஆண்டின் சிறந்த சர்வதேச இன்ஜின்' விருதையும் இது வாங்கியது.

சிக்கல் அந்த முக்கோணத்தின் முனைகளில் இருக்கிறது. ஒவ்வொரு முனையிலும் 'ஏபெக்ஸ் சீல்' என்ற மெல்லிய பட்டை உண்டு. பிஸ்டன் ரிங் செய்யும் வேலையை இது செய்கிறது. இது தேய்ந்தால் கம்ப்ரஷன் குறையும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் கார், சூடானதும் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். புகார்கள் குவிந்ததால், அமெரிக்காவில் இந்த இன்ஜினின் மையப் பாகத்துக்கான வாரன்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று மாஸ்டா நீட்டித்தது. இந்தப் பயத்தினால்தான் பழைய கார்களின் விலை சரிந்தது.

அப்படியென்றால் எதற்காக வாங்குகிறார்கள்?

இன்ஜினைத் தவிர மற்ற எல்லாவற்றுக்காகவும்! காரின் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாக பிரிந்திருக்கும். சக்தி பின் சக்கரத்துக்குப் போகும். வளைவுகளில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். இப்படி ஒரு பாடியும் சஸ்பென்ஷனும் இந்த விலையில் கிடைப்பது அபூர்வம்.

மாற்று இன்ஜினாக அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8. மற்றொன்று, ஹோண்டாவின் கே வகை நான்கு சிலிண்டர் இன்ஜின்.

இன்ஜின் விலை மட்டும்தான் செலவா?

பலர் சறுக்குவது இங்கேதான். ரோட்டரி இன்ஜினின் இழுவிசை, அதாவது டார்க், சுமார் 211 நியூட்டன் மீட்டர். 1997-ல் கார்வெட் காரில் அறிமுகமான 5.7 லிட்டர் எல்எஸ்1 இன்ஜினின் டார்க் சுமார் 475. இரண்டு மடங்குக்கும் மேல். பழைய கியர்பாக்ஸும் கிளட்ச்சும் இதைத் தாங்காது. புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ரேடியேட்டர், பிரேக் என வரிசையாக மாற்ற வேண்டியிருக்கும். ரோட்டரி இன்ஜின் சிறியது, தாழ்வாக உட்காரும். பெரிய இன்ஜினுக்கு இடம் கொடுக்க மவுன்ட், ஆயில் சேம்பர், சைலன்சர் பைப் எல்லாம் புதிதாக செய்ய வேண்டும்.

அதைவிட பெரிய தலைவலி வயரிங். இந்தக் காரில் ஸ்டியரிங், மீட்டர் போர்டு, பிரேக் கட்டுப்பாடு எல்லாம் இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டே இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரை கழற்றினால் பவர் ஸ்டியரிங் வேலை செய்யாமல் போகலாம், எச்சரிக்கை விளக்குகள் அணையாமல் எரியலாம். இதற்கென தனி மின்னணு கருவி தேவைப்படும். ஆகவே இன்ஜினை வாங்கும்போது அதன் வயரிங், கம்ப்யூட்டர், சென்சார்கள் அனைத்தையும் ஒரே காரிலிருந்து செட்டாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

எந்தக் காரை வாங்கலாம்?

அடிமட்ட விலைக்கு வரும், நகரவே நகராத கார் ஆசை காட்டும். ஆனால் ஓட்டிப் பார்க்க முடியாத காரில் கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டியரிங், ஏசி எதையும் சோதிக்க முடியாது. கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும் ஓடக்கூடிய காரே மேல். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் மற்ற குறைகள் முன்னாடியே தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை:

• துரு: பின் சக்கர வளைவு, கதவுக்குக் கீழே உள்ள பகுதி, அடிப்பாகம். இன்ஜினை மாற்றலாம், துருப்பிடித்த பாடியை மாற்ற முடியாது.

• விபத்து: கதவு, பானெட் இடைவெளிகள் சீராக இருக்கிறதா, சேசிஸ் எண் ஆவணத்தோடு பொருந்துகிறதா?

• கடன்: காரின் மீது ஃபைனான்ஸ் பாக்கி உண்டா?

• உண்மையிலேயே இன்ஜின் போய்விட்டதா? இக்னிஷன் காயில் பழுதானாலும் இதே போன்ற அறிகுறிகள் வரும். சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் இதற்கு சரிப்படாது. ரோட்டாரின் மூன்று பக்கங்களையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி மீட்டரில்தான் சோதிக்க வேண்டும். சில சமயம் காயில் மாற்றினாலே வேலை முடிந்துவிடும்!

சட்டம் என்ன சொல்கிறது?

கலிஃபோர்னியாவில், ஏற்றப்படும் இன்ஜின் காரின் மாடல் ஆண்டோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். புகை கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் பொருத்தப்பட்டு, அரசு அங்கீகரித்த மையத்தில் சோதனையும் நடக்கும். பிரிட்டனில் வாகனப் பதிவுத் துறைக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் விபத்தின்போது இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

இந்தியாவில் செய்ய முடியுமா?

ஆர்எக்ஸ்-8 இந்தியாவில் விற்கப்பட்டதில்லை. 3 ஆண்டுக்கு மேல் பழைய கார்களை வழக்கமான முறையில் இறக்குமதி செய்யவும் விதிகள் இடம் தருவதில்லை. இங்குள்ள வேறு காரில் செய்யலாமா என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சிஎன்ஜி, பேட்டரி போன்ற எரிபொருள் மாற்றத்துக்கு, அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் விலக்கு உண்டு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கடைசியில் கணக்கு என்ன?

பலரும் முதலில் மலிவான காரை வாங்கிவிட்டு, பிறகு இன்ஜின் தேடி, கடைசியில்தான் சட்டத்தை விசாரிக்கிறார்கள். பாதி பிரித்த நிலையில் ஷெட்டில் நிற்கும் கார்களின் கதை பெரும்பாலும் இதுதான். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கினால் போதும். முதலில் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், கூலிக்கு முழு பட்ஜெட் போட வேண்டும். கார் வாங்குவது அதற்கு அப்புறம்தான். அந்தத் தொகை, நல்ல ரோட்டரி இன்ஜினோடு ஓடும் ஆர்எக்ஸ்-8 காரின் விலையைத் தாண்டினால்? சும்மா அதையே வாங்கி ஓட்டிவிடலாம்.