கொடுத்த நிலம் எங்கே போனது?

போன மாதம் மதுராந்தகம் பக்கம் ஒரு டீக்கடையில் பேருந்துக்காகக் காத்திருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். "ஸ்காலர்ஷிப் குடுக்குறாங்க, வீடு கட்டிக் குடுக்குறாங்க, ரேஷன்ல அரிசி சும்மா குடுக்குறாங்க. இன்னும் இன்னாதான் வேணும் இவங்களுக்கு? உழைச்சாத்தானே மனுஷன் முன்னேற முடியும்?"

அவர் கெட்டவர் அல்ல. தன் மனதில் பட்டதைச் சொன்னார். ஆனால் எனக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவன், எங்கள் தெருப் பையன், டீ கிளாஸைப் பார்த்தபடி தலையைக் குனிந்துகொண்டான். பேருந்தில் ஏறியதும் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, அவர் சொல்றதுல தப்பு இருக்குதா?"

அந்தக் கேள்விக்கு இறங்கும் இடம் வருவதற்குள் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பழைய பேச்சுதான்

டீக்கடையில் கேட்ட பேச்சுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. வெள்ளைக்காரர் காலத்திலும் சேரி மக்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தபோது, குடிக்கிறார்கள், கையில் காசு தங்காது, நாளையைப் பற்றி நினைப்பதில்லை என்று சொன்னவர்கள் ஏராளம். நிலவுடைமையாளர்களும் சொன்னார்கள், அதிகாரிகளும் சொன்னார்கள்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், 1891-ல் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதில் அவர் எடுத்துக்காட்டிய நிலைமை வேறு. சேரியில் குடிசை போட்டிருக்கும் மனைகூட மிராசுதாருடையது என்ற நிலை. வேலைக்கு வரமாட்டேன் என்றால் குடிசையையும் காலி செய்ய வேண்டும். அவசரத்துக்கு வாங்கிய சிறு கடனுக்காக வருடக்கணக்கில் பண்ணையாளாகக் கிடக்க வேண்டும். சரி, அரசுப் புறம்போக்கைத் திருத்திப் பயிர் செய்யலாம் என்று தர்காஸ்து மனு போட்டால், முதல் உரிமை மிராசுதாருக்கே போய்விடும்.

அந்த மக்கள் உழைக்காமல் இல்லை. இந்த மாவட்டத்து ஏரிப் பாசன நிலங்களில் நாற்று நட்டதும், களை பறித்ததும், கதிர் அறுத்ததும் அவர்கள் கைகள்தான். உழைத்த பலன் தங்குவதற்கு ஓர் இடம் மட்டும் அவர்களிடம் இல்லை.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் பிறந்த அரசாணையின்படிதான் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. இன்று பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது; அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்று நிபந்தனையும் போட்டார்கள்.

ஒரு நல்ல அதிகாரியின் மனம் இரங்கியதால் மட்டும் எல்லாம் நடந்துவிடவில்லை. அதே காலத்தில் நம் மக்களும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இதே மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் 1891-ல் பறையர் மகாஜன சபையை அமைத்தார். 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் 1891-ல் மாநாடு கூட்டிக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கினார். மனு எழுதுவதும், கூட்டம் கூட்டுவதும், பத்திரிகை நடத்துவதும் உழைப்புதான். கை நீட்டியவர்கள் என்று அவர்களை யாராவது சொல்ல முடியுமா?

எங்கள் ஆயா சொன்னது

இப்படி வந்த நிலத்தில் எங்கள் தாத்தாவிடமும் ஓர் ஏக்கர் சொச்சம் இருந்தது. கரம்பு. கிணறு இல்லை. ஏர் மாடு இல்லை. விதை நெல்லும் கடன்தான். மழை பெய்த வருடம் கொஞ்சம் கேழ்வரகு வந்தது. பெய்யாத வருடம் கடன் மட்டும் வந்தது. அத்தையின் கல்யாணத்துக்குப் பணம் வாங்கியபோது, அடமானம் என்று சொல்லி ஒரு முத்திரைத்தாளில் தாத்தாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். அது கிரயப் பத்திரம் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் பட்டாவும் மாறிவிட்டது.

ஆயா சாகும் வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "நாமளேதான் வித்துட்டோம் கண்ணு. யார குத்தம் சொல்றது?"

சிறுவனாக இருந்தபோது நானும் அதை நம்பினேன். நிபந்தனைகளைப் படித்த பிறகுதான் எனக்கு வேறொன்று புரிந்தது. வறுமையில் இருப்பவன் ஒருநாள் நிலத்தை விற்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவான் என்பதை 1892-லேயே அரசு தெரிந்து வைத்திருந்தது. அதனால்தான் விற்க முடியாதபடி நிபந்தனை போட்டது. தாத்தா கைநாட்டு வைத்தது தவறு என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பத்திரத்தைப் பதிவு செய்தது யார்? பட்டாவை மாற்றியது யார்? எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் செய்த தவறு மட்டும் மூன்று தலைமுறைக்கு நினைவில் நிற்கிறது. விதி தெரிந்து மீறியவர்களைப் பற்றி யாரும் டீக்கடையில் பேசுவதில்லை.

எங்கள் வீட்டுக் கதை ஊர் ஊராக நடந்ததுதான். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நிலப் பதிவு மேம்பாட்டின்போதும் பஞ்சமி நிலங்கள் பிறர் பெயருக்கு மாறியதாகப் பல கிராமங்களில் புகார் உண்டு. அப்படிப் போன நிலத்தைத் திரும்பக் கேட்ட காரணை போராட்டத்தில், 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தார்கள். நிலத்தை வைத்துப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று பேசும்போது இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு உதவி, யாருக்கு ஓசி?

அரசு உதவி நமக்கு மட்டும் வருகிறதா? விவசாயப் பம்ப்செட்டுக்கு 30 ஆண்டுகளுக்கும் மேலாக இலவச மின்சாரம். 2021-ல் 16.43 லட்சம் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி. இவை வேண்டும். மழையையும் சந்தையையும் நம்பி வாழும் விவசாயிக்கு அரசு தோள் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கிணறு இருப்பவருக்குத்தான் பம்ப்செட். நிலம் இருப்பவருக்குத்தான் பயிர்க்கடன். அந்த வயலில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இந்த இரண்டிலும் நேரடியாக எதுவும் இல்லை. அவர் மகளுக்கு வரும் கல்வி உதவித்தொகைக்கு மட்டும் ஓசி என்று பெயர்.

குடியும் அப்படித்தான். நம் தெருவில் குடி இல்லையா? இருக்கிறது. வாரக் கூலியில் பாதி டாஸ்மாக்கில் கரையும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெண்கள் படும் பாட்டை மறைத்துப் பேசுவது நமக்கு நாமே செய்யும் துரோகம். ஆனால் ஊர்த் தெருவிலும் குடிக்கிறார்கள். அங்கே அது ஒரு மனிதரின் கெட்ட பழக்கம். நம் தெருவில் மட்டும் அது ஒரு சாதியின் குணமாகிவிடுகிறது.

இரண்டும் சேர்ந்தால்தான்

அண்ணல் அம்பேத்கரைவிடக் கடுமையாக உழைத்துப் படித்தவர் யார்? அவர் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா அரசு அளித்த உதவித்தொகையில்தான். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. அந்தப் பணம் இல்லாமல் அவர் அறிவு கப்பல் ஏறியிருக்காது. அவர் உழைப்பு இல்லாமல் அந்தப் பணம் வீணாகியிருக்கும். இரண்டும் இருந்தும், படித்துத் திரும்பி 1917-ல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க ஓர் அறை கிடைக்காமல் விரட்டப்பட்டார். உழைப்பும் உதவியும் போதாத இடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சாதி.

தனக்குக் கிடைத்த வாய்ப்பு மற்றவர்களுக்கும் வேண்டும் என்று அவர் நினைத்தார். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1942-ல் நம் மக்களின் குறைகளை மனுவாக எழுதி அளித்து, உயர்கல்விக்கு நிதி கேட்டார். பள்ளிப் படிப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944-ல் தொடங்கியது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்து மாணவர்களுக்கு இன்றும் அது கிடைக்கிறது.

நம் பங்கு

தம்பி, தங்கைகளே, நம் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கல்லூரி திறப்பதற்கு முன்பே தயாராக வையுங்கள். உதவித்தொகைக்கு ஒவ்வோர் ஆண்டும் கடைசி நாள் வரை காத்திருக்காமல் விண்ணப்பியுங்கள். பணம் தாமதமானால் கூச்சப்படாமல் கேளுங்கள். அது யாருடைய தயவும் அல்ல.

உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். பழைய அ-பதிவேட்டின் நகல் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடலாம். கிடைத்த விவரத்தைக் கிராம சபையில் எழுந்து வாசிக்கலாம்.

டீக்கடைப் பெரியவர் சொன்னதில் பாதி சரி, உழைக்காமல் யாரும் முன்னேற முடியாது என்று அந்தப் பையனிடம் சொன்னேன். மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருந்தது. போன திங்கட்கிழமை அவனே போன் செய்தான். "அண்ணா, எங்க தாத்தா பேர்லயும் ஒரு சர்வே நம்பர் இருந்துச்சாம். மனு எப்படி எழுதணும்?"