வரையாட்டுக்கு வேண்டியது புல்வெளி

தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாடு 2024 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 1,031 என்றும், 2025-ல் 1,303 என்றும் தெரியவந்தது. ஓராண்டில் ஆடு இவ்வளவு பெருகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எண்ணும் முறை செம்மையானாலும் எண்ணிக்கை கூடும். நாம் கவலைப்பட வேண்டிய கணக்கு வேறு. பழனி மலையின் மேல்மட்டப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதே ஆண்டுகளில் போய்விட்டது என்று 2018-ல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. வரையாடு மேய்வது அந்தப் புல்லைத்தான். ஆட்டைச் சுட்டவனைப் பிடித்து உள்ளே தள்ளலாம். ஆனால் இங்கே மேய்ச்சல் நிலத்தை விழுங்கியவற்றில் முதன்மையானது மரம். விலங்குக்கு ஒரு திட்டம், நிலத்துக்கு வேறொன்று, மலைமக்கள் பிழைப்புக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்திருக்கும்வரை மூன்றுமே உருப்படாது.

ஆங்கிலேயர் கண்ணுக்கு இந்தப் புல்வெளி வெறும் தரிசு. விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்து நட்டார்கள். விடுதலைக்குப் பிறகு, தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்குக் கூழ் வேண்டும் என்று வனத்துறையே தோட்டம் தோட்டமாக வளர்த்தது. கற்பூர மரம் பெரும்பாலும் நட்ட இடத்தோடு நிற்கும். சீகை அப்படியில்லை. அதன் சின்னக் கறுப்பு விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் இறங்கினாலோ, நெருப்பு பட்டாலோ கூட்டமாக முளைத்து, சில ஆண்டுகளில் ஆள் நுழைய முடியாத அடர்த்தியாகிவிடும். வெட்டியதோடு வேலையை முடித்துக்கொண்டால் மறுபடி சீகைக்காடுதான்.

வெப்பம் ஏறிவரும் காலத்தில் மரத்தை வெட்டச் சொல்வதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் மலைப் புல்வெளி தன் கரிமத்தை மண்ணுக்கடியில் சேர்த்து வைக்கிறது. காட்டுத்தீ வந்தால் மரத்திலுள்ள கரிமம்போல அது சட்டென்று புகையாகிவிடாது. பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு என்று எண்ணும் பழக்கத்தால் வந்த வினைதான் இந்தச் சீகை. இன்னொரு மறுப்பு கனமானது: செங்குத்தான சரிவில் ஒரே மூச்சில் வெட்டினால் மழையில் மண் கரையும்; சில பள்ளங்களில் சீகை நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமே வளர்கின்றன. அங்கெல்லாம் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, மேட்டுப் புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் இளஞ்சீகையை முதலில் வேரோடு பிடுங்குவதே புத்திசாலித்தனம்.

இதை ஒப்பந்தக்காரரின் லாரி செய்து தராது. நீலகிரியின் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேய இந்த மலைப் புல்லைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்களுடைய எருமைக்கும் மேய்ச்சல் அதுவே. புல் எங்கே இருந்தது, எங்கே மறைந்தது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். கேரளத்தின் இரவிகுளத்தில் முற்றிய புல்லைப் பகுதி பகுதியாக எரித்துப் புதுத்தளிர் வரச்செய்யும் வேலையில் அங்குள்ள முதுவர் பழங்குடியினரின் கை உண்டு. வரையாடு மிகுதியாக வாழும் இடமும் அதுதான். இங்கே, 2022-ல் அரசு அறிவித்த வரையாடு திட்டத்துக்கு 25.14 கோடி ரூபாய், 5 ஆண்டுகள். சீகை விதையின் ஆயுளுக்கு முன்னால் 5 ஆண்டு எம்மாத்திரம்? பணம் தீர்ந்த பிறகும் ஆண்டுதோறும் நாற்று பிடுங்குகிறவர்களுக்குக் கூலி எந்தக் கணக்கில் வரும் என்பதை இப்போதே எழுதிவைக்க வேண்டும்.