திரை இருண்டால் கிராஃபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டதா?

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரிலும் கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவிலும் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டிலேயே கணினியைப் பொருத்திக்கொள்ளும் பழக்கம் இளையர்களிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. பகுதிநேர வேலையில் சேர்த்த பணம், பெற்றோர் கொடுத்த பணம் எல்லாம் அதில் போகிறது. விளையாட்டுக்காக வாங்கும் கணினியில் ஆக விலை கூடிய பாகம் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான்.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்து, சுவிட்சைத் தட்டியதும் விசிறிகள் சுழல்கின்றன, விளக்குகள் எரிகின்றன. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ‘சிக்னல் இல்லை’ என்ற ஒரு வரி தோன்றி மறைகிறது. “கார்டு கெட்டது, கடையில் ஏமாற்றிவிட்டார்கள்” என்ற முடிவுக்குப் பலரும் உடனே வந்துவிடுகின்றனர். பல வேளைகளில் இது அவசர முடிவாகவே அமைகிறது.

காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. இருண்ட திரையும் அப்படித்தான். மின்சாரம் வர வேண்டும், புராசசர் விழிக்க வேண்டும், ராம் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகே கார்டின் முறை வருகிறது. கார்டுக்குப் பிறகு கேபிளும் மானிட்டரும் இருக்கின்றன. இவற்றில் எது தவறினாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே இருள்தான். விசிறி சுழல்வதைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத் தேவையான மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது.

முதலில் வெளியே பார்க்க வேண்டும்

கணினியின் பின்புறத்தில் திரைக் கேபிளைச் செருக இரண்டு இடங்கள் இருக்கக்கூடும். யுஎஸ்பி துளைகளுக்கு அருகில் இருப்பவை மதர்போர்டுக்கு உரியவை. அவற்றுக்குக் கீழே, தனியாக வரிசையாக இருப்பவையே கார்டுக்கு உரியவை. புதிதாகப் பொருத்துவோர் பழக்கத்தில் மேலே உள்ளதில் செருகிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

பெயரின் இறுதியில் ‘எஃப்’ எழுத்துள்ள இன்டெல் புராசசர்களிலும், ‘ஜி’ எழுத்து இல்லாத ரைசன் 5000 வரிசை மேசைக் கணினிப் புராசசர்களிலும் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி கிடையாது. அத்தகைய கணினியில் மதர்போர்டின் துளையில் கேபிளைச் செருகிக் காத்திருந்தால் எவ்வளவு நேரமானாலும் படம் வராது. மானிட்டரில் எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் இரண்டும் இருந்தால், கேபிள் செருகியுள்ள வழியையே அதன் பொத்தானில் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம்

மதர்போர்டில் கார்டு அமரும் பள்ளம் அதிகபட்சம் 75 வாட் மின்சாரமே தரும். மீதி, பவர் சப்ளையிலிருந்து நேராக வர வேண்டும். 6 முனை இணைப்பு 75 வாட்டும், 8 முனை இணைப்பு 150 வாட்டும் தரும். 200 வாட் கேட்கும் கார்டுக்கு ஓர் 8 முனை இணைப்பு போதும். அதைச் செருக மறந்தால் அந்தக் கார்டு படம் காட்டாது.

புராசசருக்குச் செல்லும் 8 முனை இணைப்பும் பார்ப்பதற்கு ஏறக்குறைய இதைப் போலவே இருக்கும். ஆனால் மின்கம்பிகளின் அமைப்பு வேறு. செருக மறுத்தால் அழுத்தித் திணிக்கக் கூடாது. ஒரு பவர் சப்ளையின் கழற்றக்கூடிய கேபிள்களை வேறொரு பவர் சப்ளையில் பயன்படுத்துவதும் ஆபத்து. பொருந்துவது போலத் தெரிந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம், பாகங்கள் கருகிவிடும்.

2022ஆம் ஆண்டில் பெரிய கார்டுகளில் 16 முனை கொண்ட சிறிய இணைப்பு வந்தது. அது முழுமையாக உள்ளே செல்லாததால் உருகிய சம்பவங்கள் அவ்வாண்டிலேயே வெளிவந்தன. 2023இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. எந்த வகையாயினும், இடைவெளி தெரியாதவாறு இறுதிவரை செருகியிருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வது அவசியம்.

கழற்றிப் பொருத்துதல்

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கணினியின் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரம் வடியும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே பாகங்களில் கைவைக்க வேண்டும். கார்டை எடுத்து, புராசசருக்கு மிக அருகில் உள்ள நீண்ட பள்ளத்தில், ‘கிளிக்’ என்று தாழ் விழும் வரை அமர்த்த வேண்டும். கனமான கார்டு ஒரு பக்கம் தொங்கினாலோ, அதன் இரும்புத் தகடு பெட்டியின் விளிம்பில் இடித்தாலோ, உள்முனை சற்று மேலெழும்பி நிற்கும். அந்தச் சிறிய இடைவெளியே திரையை இருட்டாக்கப் போதும்.

பொறுமையும் ஒரு சோதனைதான்

டிடிஆர்5 வகை ராம் பொருத்திய புதிய கணினி, முதல் முறை இயங்கும்போது அந்த ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை இருண்டே இருக்கும். பொறுமையிழந்து நிறுத்தி நிறுத்திப் போட்டால், அந்த வேலை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து நடக்கும்.

பல மதர்போர்டுகளின் ஓரத்தில் நான்கு சிறிய விளக்குகள் உள்ளன. அவை புராசசர், ராம், கார்டு, வட்டு ஆகியவற்றைக் குறிக்கும். எதன் விளக்கு அணையாமல் நிற்கிறதோ, அங்கேதான் கணினி சிக்கிக்கொண்டிருக்கிறது. ராம் விளக்கு எரியும்போது கார்டைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஒரே ஒரு ராமை மட்டும், கையேட்டில் சொல்லியுள்ள இடத்தில் வைத்து இயக்கிப் பார்ப்பது நல்லது. மதர்போர்டின் பயாஸ், புராசசரைவிடப் பழையதாக இருந்தாலும் திரை வராது. நாணய வடிவப் பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்து, பயாஸ் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவதும் பலன் தரும்.

தீர்ப்புக்கு முன் சாட்சி

இவ்வளவும் பார்த்த பிறகே மாற்றிப் பார்க்கும் சோதனை. புராசசரில் படம் காட்டும் பகுதி இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் துளையில் கேபிளைச் செருகலாம். படம் வந்தால் கணினியின் மற்ற பாகங்கள் பெரும்பாலும் நலம். சந்தேகம் கார்டின் மீதும் அதன் மின் இணைப்பின் மீதும் மட்டுமே. அடுத்து, நண்பரின் கணினியில், பவர் சப்ளை போதுமானதாக இருந்தால், அதே கார்டைப் பொருத்திப் பார்க்கலாம். அங்கே படம் வந்தால் கார்டு குற்றமற்றது. சரியாக இயங்கும் இரண்டு கணினிகளிலும் அது இருண்டால் பழுது என்று சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் எது பிழை என்பது கடைசிவரை தெரியாது. எந்த நிலையிலும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

உண்மையிலேயே பழுது என்றால், வாங்கியவருக்கு உரிமை உண்டு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்படி, பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். ஆனால் தவறான கேபிளைத் திணித்துக் கருக்கிய கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு கைகொடுக்காது. ரசீது, பெட்டி, தொடர் எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது நல்லது.

ஒரு திருப்புளியும் ஒரு மணி நேரமும்தான் இந்தச் சோதனைகளுக்கு ஆகும் செலவு. இவற்றைச் செய்து முடித்துக் கடைக்குச் செல்பவர், “திரை வரவில்லை” என்று மட்டும் சொல்லி நிற்க மாட்டார். “இரண்டு கணினிகளில் போட்டுப் பார்த்தேன், இந்தக் கார்டுதான் இயங்கவில்லை” என்று சொல்வார். அப்படிச் சொல்பவரின் பேச்சைக் கடைக்காரர் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.