அப்பீல் கேட்டவர் அவுட் கொடுத்த கதை

1965இல் டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட். 19 வயதுச் சென்னை இளைஞர் ஒருவர் 72 ரன் கொடுத்து 8 விக்கெட் சாய்த்தார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12. அவர்தான் எஸ்.வெங்கட்ராகவன்.

பேடி, சந்திரசேகர், பிரசன்னாவோடு சேர்ந்த சுழல் நால்வரில் அவரும் ஒருவர். பிரசன்னாவும் ஆஃப் ஸ்பின்னர் என்பதால், இருவரில் யாருக்கு இடம் என்ற கேள்வி ஓயவே இல்லை. 1971இல் மேற்கிந்தியத் தீவுகளில் இந்தியா முதல் தொடர் வெற்றி கண்டபோது, 22 விக்கெட்டோடு இந்தியப் பந்துவீச்சாளர்களில் முன்னே நின்றவர் வெங்கட்.

தலைமைப் பதவிதான் அவரைப் படாத பாடு படுத்தியது. 1974இல் டெல்லி டெஸ்டுக்குக் கேப்டன். அடுத்த டெஸ்டில் ஆடும் பதினொருவரிலேயே இல்லை. 1975, 1979 உலகக் கோப்பைகளில் அவர் தலைமையில் இந்தியா ஆடிய 6 ஆட்டங்களில் வென்றது கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டுமே. 1979 ஓவல் டெஸ்டில் 438 ரன் இலக்கைத் துரத்தி 429இல் நின்றது அணி. ஊர் திரும்பும் விமானத்திலேயே, கவாஸ்கர்தான் புதிய கேப்டன் என்று விமானி அறிவித்துவிட்டார்!

தமிழ்நாடு அணியை மட்டும் பத்தாண்டுக்கும் மேல் அவரே நடத்தினார். ரஞ்சியில் 530 விக்கெட். 1983இல் கடைசி டெஸ்ட் ஆடிய பிறகு தமிழ்நாடு கிரிக்கெட் சங்க நிர்வாகம், இந்திய அணியின் மேலாளர் பொறுப்பு என்று தொடர்ந்தார்.

ஆடியவரே பின்னர் மேலாளராவது அமெரிக்க பேஸ்பாலில் பழகிய பாதை. பந்தெறிபவராகப் பேர் வாங்கிய கிளார்க் கிரிஃபித், 1901இல் சிகாகோ அணியின் மேலாளரானார். பின்னாளில் வாஷிங்டன் அணிக்கே உரிமையாளர். அங்கே எவரை எறியவிடுவது, எப்போது மாற்றுவது என்பதையெல்லாம் மேலாளர்தான் முடிவு செய்வார். கிரிக்கெட்டில் அந்த அதிகாரம் களத்தில் நிற்கும் கேப்டனுக்கு.

வெங்கட்டோ மேலாளர் பொறுப்போடு நிற்காமல், 1993 ஜனவரியில் டெஸ்ட் நடுவரானார். காலமும் கைகொடுத்தது. உள்ளூர் நடுவர்கள் மீது புகார்கள் பெருகியதால், 1994 முதல் டெஸ்டுகளில் ஒரு நடுவராவது மூன்றாம் நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றது ஐசிசி. உலகெங்கும் அவருக்கு அழைப்பு வந்தது. 1999 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் சமனில் முடித்த அரையிறுதியில் சக நடுவர் டேவிட் ஷெப்பர்டோடு நின்றவர் அவரே. ஆடியது 57 டெஸ்ட், 156 விக்கெட். நடுவராக நின்றது 73 டெஸ்ட்.

அவருக்குப் பின் இலங்கையின் குமார் தர்மசேனாவும் ஆஃப் ஸ்பின்னிலிருந்து நடுவர் பணிக்கு வந்தார். 1996 உலகக் கோப்பை இறுதியில் ஆடிய அவர், 2015, 2019 இறுதிகளில் நடுவர்.