வட்ட வாளும் வழிச்சட்டமும்

ஒரு வேலை சிறிதும் கோணாமல் அமைந்துவிட்டால், 'நூல் பிடித்தாற்போல் இருக்கிறது' என்று கூறுவது தமிழ் வழக்கு. தச்சரும் கொத்தரும் நூலை இழுத்துப் பிடித்து நேர் பார்ப்பதை ஒட்டிய தொடர் இது. பலகையை அறுக்க வேண்டிய இடத்தின் இரு முனைகளிலும் தச்சர் புள்ளி குறிப்பார். சாயம் தோய்த்த நூலை அப்புள்ளிகளின் மேல் இறுக்கிப் பிடித்து, நடுவே சுண்டிவிடுவார். பலகையின் மேல் நேர்கோடு ஒன்று படியும். கோட்டை நூல் தந்துவிடும். அக்கோட்டை விட்டு விலகாமல் வாளை நடத்துவது கையின் பொறுப்பு. பல்லாண்டுப் பழக்கம் இல்லாத கை, நீண்ட பலகையில் எங்கேனும் ஓரிடத்தில் தவறியே தீரும்.

அத்தவற்றைத் தடுக்கும் பொருட்டு உருவான கருவி ஒன்றையும், அதனைச் சோதித்து அறியும் முறையையும் இப்பாடத்தில் காண்போம். வழிச்சட்டத்தின் மேல் ஓடும் வட்ட வாள் என்பது அக்கருவி. 'வாள்' என்றதும் உங்களுக்குப் போர்க்களம் நினைவுக்கு வரலாம். மரம் அறுக்கும் கருவிக்கும் தமிழில் வாள் என்னும் பெயர் உண்டு. இரம்பம் என்றும் கூறுவர். வட்டமான தகட்டின் விளிம்பைச் சுற்றிலும் பற்கள் அமைந்திருப்பதால் இது வட்ட வாள் ஆயிற்று. அத்தகட்டை அலகு என்பர். உங்கள் வீட்டில் அலமாரி செய்யத் தச்சர் வந்திருந்தால், காதைத் துளைக்கும் ஓசையுடன் இவ்வாள் ஒட்டுப்பலகையை அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கையில் ஏந்தும் மின்வாள் 1920களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. எட்மண்ட் மிஷெல் என்பவர் கரும்பு வெட்டுவதற்கு ஒரு பொறி செய்ய முயன்றார். அம்முயற்சியே மரம் அறுக்கும் வாளாக மாறியது. வாளுக்கு வழிகாட்டும் சட்டமோ 1960களில்தான் ஜெர்மனி நாட்டின் ஃபெஸ்டோ நிறுவனத்திடமிருந்து வந்தது. வலிமை முதலில் வந்தது. நேர் பின்னால் வந்து சேர்ந்தது.

சட்டம் என்பது அலுமினியத்தால் ஆன நீண்ட, தட்டையான பட்டை. அதன் மேற்புறத்தில் நீளவாக்கில் ஒரு மேடு ஓடும். வாளின் அடித்தகட்டில் அம்மேட்டிற்குப் பொருந்தும் பள்ளம் இருக்கும். தண்டவாளத்தை விட்டு இரயிலின் சக்கரம் விலகாதது போல, மேட்டை விட்டு வாள் பக்கவாட்டில் விலகாது. சட்டத்தின் அடியில் வழுக்காத மென்பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். வெட்டு விழும் விளிம்பில் மெல்லிய இரப்பர் பட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்தப் பட்டையைப் பற்றிப் பின்னர் விரிவாகக் கூற வேண்டியுள்ளது.

வாளின் வலிமை எத்தகையது? மக்கிட்டா நிறுவனத்தின் இவ்வகை வாள் ஒன்று 1300 வாட் ஆற்றலும் 165 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலகும் உடையது. அலகு நிமிடத்திற்கு 5000 முறை சுழல்வதாகக் கொள்வோம். விட்டத்தைக் கொண்டு சுற்றளவைக் கண்டு, சுழற்சியால் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பல்லும் நொடிக்கு 43 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 155 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்பது தெரியும். விரைவு இரயிலின் வேகத்தில் ஓடும் பற்களைக் கைகளுக்கு ஓரடி தொலைவில் வைத்துக்கொண்டு ஒருவர் வேலை செய்கிறார். ஆகவே, இக்கருவியைச் சோதிப்பது பொழுதுபோக்கு அன்று.

தில்லி கீர்த்தி நகர் அறைகலன் சந்தையை அடுத்த ஒரு பட்டறையில், புதிதாக வாங்கிய வாளைத் தச்சர் ஒருவர் சோதிப்பதை ஒரு பிற்பகல் முழுவதும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவரை அங்குள்ளோர் 'மிஸ்திரி ஜி' என்று அழைத்தனர். முதல் அரைமணி நேரம் அவர் வாளை மின்னிணைப்பில் செருகவே இல்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த வாட் எண்ணையும் அவர் பொருட்படுத்தவில்லை. அவருடைய ஐயமெல்லாம் சட்டத்தின் மேல்தான் இருந்தது.

அவர் ஓர் ஒட்டுப்பலகையின் மேல் சட்டத்தை வைத்து, அதன் விளிம்பை ஒட்டிக் கூரிய பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பிறகு சட்டத்தைத் தலைகால் மாற்றி, கோட்டின் மறுபக்கத்தில் வைத்து, அதே விளிம்பைக் கோட்டின் இரு முனைகளிலும் பொருத்தி, மீண்டும் ஒரு கோடு இழுத்தார். இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. சட்டம் வில்போல் வளைந்திருந்தால் என்ன ஆகும்? முதற்கோடு ஒரு பக்கமும் இரண்டாம் கோடு எதிர்ப்பக்கமும் புடைத்து, நடுவில் மெல்லிய இடைவெளி தோன்றும். அரை மில்லிமீட்டர் வளைவு ஒரு மில்லிமீட்டர் இடைவெளியாகக் காட்சி தரும். பிழை தன்னைத்தானே இரட்டிப்பாக்கிக் காட்டுவதால், கண்ணுக்குத் தப்பாது. விலையுயர்ந்த அளவுக் கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பலகையை அறுத்து, இரு துண்டுகளையும் மீண்டும் சேர்த்துப் பார்த்து, 'பொருந்துகின்றன, ஆகவே வெட்டு நேர்' என்று முடிவு செய்வோர் உண்டு. ஒரே வெட்டில் பிரிந்த துண்டுகள், வெட்டு வளைந்திருந்தாலும் பொருந்தும். ஒன்றின் புடைப்பு மற்றதன் குழிவில் அமர்ந்துவிடும். வெட்டின் நேரைச் சோதிக்க இரண்டு பலகைகளை ஒரே முறையில் அறுத்து, சட்டம் இருந்த பக்கத்துத் துண்டுகளை மட்டும் எடுத்து, வெட்டுவிளிம்புகளை ஒன்றோடொன்று எதிரெதிராகச் சேர்க்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் பிழை இருக்கிறது என்பது பொருள்.

அடுத்து, வாளைச் சட்டத்தின் மேல் வைத்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். மேட்டிற்கும் பள்ளத்திற்கும் இடையே தளர்ச்சி இருந்தால், அலகு வழியெங்கும் தள்ளாடும். அடித்தகட்டில் உள்ள சிறு திருகுகளைத் திருப்பி அத்தளர்ச்சியைப் போக்கினார். வாள் தங்குதடையின்றி ஓட வேண்டும். ஆயினும் அசையக் கூடாது. இரண்டையும் ஒருங்கே பெறும்வரை அவர் விடவில்லை.

இப்போது இரப்பர் பட்டைக்கு வருவோம். வட்ட வாளின் முன்பகுதியில் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி எழுகின்றன. அவ்வாறு எழும்போது பலகையின் மேற்பரப்பில் உள்ள நார்களைப் பெயர்த்துக்கொண்டு வெளிவருகின்றன. பெயர்ந்த கூரிய துணுக்கைச் சிராய் என்பர். விரலில் சிராய் ஏறிய துன்பம் உங்களுள் சிலருக்குத் தெரிந்திருக்கும். புதிய சட்டத்தின் இரப்பர் பட்டை, அலகு செல்லும் வழியினுள் சற்று நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டப்பட்டிருக்கும். முதன்முறை வாளை ஓட்டும்போது மிகுதியான பகுதியை அலகே அறுத்துவிடும். அதன்பின் பட்டையின் விளிம்பும் அலகின் பக்கமும் மயிரிழையும் பிசகாமல் ஒன்றாகிவிடும். இதனால் இரண்டு நன்மைகள் விளைகின்றன. பட்டை மேல்நார்களை அழுத்திப் பிடிப்பதால், அப்பக்கத்தில் சிராய் எழுவது பெரிதும் குறைகிறது. மேலும், பட்டையின் விளிம்பைப் பென்சில் கோட்டில் வைத்தால் வெட்டும் அங்கேயே விழுகிறது. தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை. ஆனால், வேறு தடிப்புள்ள அலகை மாட்டினால் இப்பொருத்தம் கெட்டுவிடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பட்டைக்கு வெளியே விழும் துண்டில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே வேண்டிய பகுதியின் மேல்தான் சட்டத்தை வைப்பார்கள்.

வலிமைச் சோதனை கடைசியில்தான் நடந்தது. 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள ஷீஷம் பலகையை எடுத்து, அதன் நார் ஓடும் திசையிலேயே அறுத்தார். அவர் பலகையைப் பார்த்ததைவிட ஓசையைக் கேட்டதே மிகுதி. ஓசையின் சுருதி இறங்காமல் இருந்தால், மோட்டார் சுமையைத் தாங்குகிறது. இறங்கி முனகினால் திணறுகிறது. முதல் முறை அது திணறியது. வெட்டுவிளிம்பில் கருகிய தழும்பும் தோன்றியது. அருகில் நின்ற இளைஞர் மோட்டாரைக் குறை கூறினார். மிஸ்திரி அலகைக் கழற்றி, பற்கள் குறைந்த வேறோர் அலகை மாட்டினார். அதே மோட்டார், அதே பலகை; வாள் இலகுவாகச் சென்றது.

காரணம் எளியது. நார் ஓடும் திசையில் அறுக்கும்போது நீண்ட சுருள்கள் உண்டாகின்றன. அவற்றை ஏந்தி வெளியேற்றப் பற்களுக்கு இடையே அகன்ற இடம் தேவை. நெருங்கிய பற்களுடைய அலகில் அவ்விடம் சிறியது. தூள் அடைத்துக்கொண்டு, உரசல் மிகுந்து, சூடேறி, மரம் கருகுகிறது. ஒட்டுப்பலகைக்கும் நாருக்குக் குறுக்கான வெட்டுக்கும் நெருங்கிய பற்களே நல்லவை. மோட்டாரின் மேல் சுமத்தப்படும் பழிகளுள் பல, உண்மையில் அலகுக்கு உரியவை என்பது என் கருத்து.

இனி, இக்கருவியின் கொடிய குணம் ஒன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். அலகின் அடிப்பகுதிப் பற்கள் முன்னோக்கி ஓடுகின்றன. அறுத்த பிளவு, பலகை தொய்வதால் மூடிக்கொண்டு அலகை நெருக்கினால், முன்னேற இயலாத பற்களின் விசை வாளைப் பின்னோக்கி, அறுப்பவரை நோக்கி எறியும். கண் இமைப்பதற்குள் இது நிகழ்ந்துவிடும். இதனைத் தடுக்கவே பல வாள்களில் அலகின் பின்னே மெல்லிய பிளவுத்தகடு ஒன்று, பிளவு மூடாதபடி ஆப்புப்போல் உடன் செல்கிறது. பலகையின் அடியில் முழு நீளத்திற்கும் தாங்கல் கொடுப்பதும், அலகைப் பலகையின் தடிப்பைவிடச் சில மில்லிமீட்டர் மட்டுமே கூடுதலாக இறக்குவதும் இதற்காகவே. மிஸ்திரி வெட்டும்போது வாளுக்கு நேர்பின்னே நிற்கவில்லை, ஓரமாக நின்றார். கண்ணாடியும் காதடைப்பும் அணிந்திருந்தார். அலகை மாற்றும்போது ஒவ்வொரு முறையும் மின்செருகியைப் பிடுங்கித் தம் சட்டைப் பைக்கு அருகே, தாம் காணும் இடத்தில் வைத்துக்கொண்டார். உங்கள் இல்லத்தில் தந்தையாரோ மாமாவோ இத்தொழிலில் இருந்தால், அவர்களும் இவ்வாறு செய்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தால் இயலாத செயல் ஒன்றும் உண்டு. அது நேரைத் தரும், இடத்தைத் தராது. தவறான இடத்தில் வைத்தால், தவறான வெட்டு மிக நேராக விழும். ஒட்டுப்பலகையின் வழக்கமான அளவு 2440 மில்லிமீட்டர் நீளம், 1220 மில்லிமீட்டர் அகலம். அதிலிருந்து ஒரு கதவுப் பலகையை அறுத்தபின், நான்கு மூலைகளும் செங்கோணந்தானா என்பதை எவ்வாறு அறிவது? மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கலாம். அதனினும் நம்பகமான வழி, எதிர்மூலைகளுக்கு இடையே உள்ள இரு மூலைவிட்டங்களையும் அளப்பது. எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்களும் சமமானால், அது செவ்வகம். ஒன்று நீண்டிருந்தால் பலகை சாய்ந்திருக்கிறது. உங்கள் கணிதப் பாடத்தில் படித்த உண்மையே இங்கே அளவு நாடாவுடன் வந்து நிற்கிறது.

செய்து பார்த்து எழுதுக:

உங்கள் அளவுகோலின் விளிம்பை ஒட்டி, தாளில் 30 சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்று இழுக்கவும். அளவுகோலைத் தலைகால் மாற்றிக் கோட்டின் மறுபக்கத்தில் வைத்து, அதே விளிம்பால் மீண்டும் இழுக்கவும். கண்டதை ஐந்து வாக்கியங்களில் எழுதுக. வகுப்பில் யாருடைய அளவுகோல் மிகவும் வளைந்தது?

வெட்டிப் பிரிந்த இரு துண்டுகள் பொருந்துவது வெட்டின் நேருக்குச் சான்று ஆகாது. ஏன்? படம் வரைந்து விளக்குக.

உங்கள் வீட்டாரிடமோ அருகிலுள்ள தச்சரிடமோ கேட்டு, மரவேலைக் கருவிகளின் பெயர்களைத் தமிழிலும் நீங்கள் வாழும் ஊரின் மொழியிலும் எழுதுக. உளி, இழைப்புளி, கொட்டாப்புளி ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.