பசுமைப் பத்திரம்: பணம் போடலாமா?

"எங்கள் ஊரில் ஒருவர், 'அரசாங்கத்தின் பசுமைப் பத்திரம், மாதம் இரண்டு வட்டி' என்று சொல்லிப் பணம் வசூலிக்கிறார். நெல் விற்ற பணம் கையில் இருக்கிறது. போடலாமா?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள். போட வேண்டாம். ஆனால் பசுமைப் பத்திரம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

பத்திரம் என்பது அரசு நம்மிடம் வாங்கும் கடன். சூரிய மின்சாரம், காற்றாலை, மின்சார ரயில், காடு வளர்ப்பு போன்ற பணிகளுக்கென்றே வாங்கும் கடன்தான் பசுமைப் பத்திரம். 2022-23 மத்திய பட்ஜெட்டில் இது அறிவிக்கப்பட்டது. 2023 ஜனவரி 25 அன்று ரிசர்வ் வங்கி முதல் ஏலம் நடத்தியது. ஐந்தாண்டுப் பத்திரத்துக்கு 7.10 சதவீதமும், பத்தாண்டுப் பத்திரத்துக்கு 7.29 சதவீதமும் வட்டி கிடைத்தது. அந்த நிதியாண்டில் மட்டும் 16,000 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. நிலக்கரி, பெட்ரோலியம், அணுமின் திட்டங்களுக்கு இந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது விதி.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. சோலார் பம்புசெட்டுக்கு மானியம் தரும் பி.எம். குசும் திட்டமும் இந்தப் பணத்தில் பங்கு பெற்ற திட்டங்களில் ஒன்று. பம்புசெட் மானியம் பற்றி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அதற்காகப் பத்திரம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது கணக்குப் பார்ப்போம். 7.10 சதவீதப் பத்திரத்தில் ஒரு லட்சம் ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 7,100 ரூபாய் வட்டி. அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3,550 ரூபாயாக வரும். இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். அரசே ஏழு சதவீதத்தை ஒட்டிக் கடன் வாங்கும்போது, அதே அரசின் பெயரில் 24 சதவீதம் எங்கிருந்து வரும்?

உண்மையான பத்திரத்தை வாங்க இடைத்தரகர் தேவையில்லை. ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் 'ரீடெயில் டைரக்ட்' என்ற வசதியைத் தொடங்கியது. பான் அட்டை, வங்கிக் கணக்கு, செல்பேசி எண், மின்னஞ்சல் இருந்தால் கட்டணம் இல்லாமல் கணக்குத் தொடங்கலாம். குறைந்தபட்சம் 10,000 ரூபாய் போட வேண்டும். கையில் ரொக்கம் வாங்கிக்கொண்டு துண்டுச்சீட்டு எழுதித் தரும் வழக்கம் இதில் கிடையாது.

சூரிய மின் திட்டம் லாபம் தந்தாலும் தராவிட்டாலும் வட்டியையும் அசலையும் மத்திய அரசு கொடுத்துவிடும். ஆனால் முதிர்வுக்கு முன் விற்க நேர்ந்தால், அன்றைய சந்தை விலைதான் கிடைக்கும். நாட்டில் வட்டி விகிதம் ஏறியிருந்தால் போட்டதைவிடக் குறைவாகவும் வரலாம். வட்டி வருமானத்துக்கு வரி விதிப்பும் உண்டு.

எனவே அடுத்த பட்டத்துக்கு விதை, உரம், கூலிக்குத் தேவையான பணத்தை இதில் முடக்காதீர்கள். நகைக்கடனும் கைமாற்றுக் கடனும் இருந்தால் முதலில் அவற்றை அடையுங்கள். ஏழு சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு ஏழு சதவீதத்துக்குப் பணம் போடுவது நஷ்டம். இவை போக, ஐந்தாண்டு தொடத் தேவையில்லாத பணம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஏற்கெனவே யாரிடமாவது பணம் கொடுத்திருந்தால், சீட்டையும் செல்பேசிச் செய்திகளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.